அரைப்பேர்

பிரட்டுக்களத்தில் பந்து நிற்காது.
வைத்துவிட்டு நிமிர்வதற்குள்
கொழுந்து மடுவத்தைப் பார்த்து உருளத் தொடங்கிவிடும்.
உருளும்போதே அடிக்க வேண்டும்.
தவறினால் ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கீழே, ஓடையில்.
அட்டை கடிக்க இறங்கி எடுத்து வர
ஒரு பிற்பகல் போகும்.

பதினேழு வயதில் கொழும்பில் தேர்வு.
பெனால்டி அடிக்கச் சொன்னார்கள்.
பந்தை வைத்தேன்.
வைத்த இடத்திலேயே இருந்தது.
இவ்வளவு சும்மா இருக்கிற ஒன்றை
என்ன செய்வதென்று தெரியாமல்
கம்பத்துக்கு மேலே, மதிலுக்கு மேலே,
யாரோ வீட்டுத் தகரத்தில் சத்தம் கேட்கும்படி அடித்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.
கோல் காக்க நின்ற தில்ஹானி மட்டும்
இன்னொரு பந்தை எடுத்து வந்து
பாதத்தால் மெல்லத் தட்டிவிட்டு
இப்போது அடி என்று சிங்களத்தில் சொன்னாள்.
பத்து அடித்தேன். ஒன்பது உள்ளே.

சுகந்தமலர் என்கிற பேர் சட்டைக்கு நீளம்.
எழுத்துக்கு இவ்வளவென்று காசு வாங்குகிற அச்சுக்கடைக்காரன்
பாதியில் நிறுத்தியிருந்தான்.
படத்தைப் பார்த்து அம்மா கேட்டாள்:
"என்னடி, ஒனக்கும் அரைப்பேர்தானா?"
ஈரக் கொழுந்தென்று தண்ணீருக்கு இரண்டு கிலோ கழித்து
பதினெட்டுக்கு ஒன்று குறைந்தாலும்
செக்ரோலில் அவளுக்கு விழுவது அதுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்தன்றும்
இருட்டியதும் போன் வரும்.
"இன்னைக்கு எத்தன?"
ரெண்டு என்றால் "ம்".
ஒன்றுமில்லை என்றால்
"சரி விடு, கொழுந்து இல்லாத மாசமா இருக்கும்."

மாலைதீவில் இரண்டு சீசன்.
அந்த நாட்டில் ஏறுவதற்கு மாடிப்படி மட்டும்.
முப்பத்தொரு கோல்,
தம்பியின் ஆட்டோவுக்கு லீசிங்,
லயத்துக்குப் புதுத் தகரம்,
முழங்காலில் கிழிந்த ஒரு நார்.
கண்டியில் வெட்டிய டொக்டர் காலை அளந்துவிட்டு
"இடது கெண்டை வலதைவிடப் பெருசா இருக்கே" என்றார்.
பள்ளிக்கூடம் மலைக்குக் குறுக்கே, சேர்.
வரும்போது கொழுந்து லொறியில் தொங்கி வந்ததை
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டில் இந்த ஒப்பந்தம்:
இரண்டாம் பாதி மட்டும், பாதிச் சம்பளம்.
முகாமையாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.
நான் சிரித்தேன். ஏனென்று அவருக்குப் புரியவில்லை.
கையெழுத்தை மட்டும் முழுசாகப் போட்டேன்,
ஒரு எழுத்தும் விடாமல்.

இன்று ஹட்டனில் ஆட்டம்.
எழுபதாம் நிமிடம் பனி இறங்கி
முதலில் கொடிக்கம்பங்களை எடுத்தது,
பிறகு பார்க்க வந்தவர்களை,
பிறகு எதிரணியை.
மைதானத்தின் பஸ் ரோட்டுப் பக்கம்
இரண்டு விரல் சரிவு.
பந்துக்குத் தெரியும். எனக்கும்.
நின்றுவிட்டதென்று அவர்கள் விட்ட பந்து
உருண்டு வருகிற இடத்தில் நான் இருந்தேன்.
அடித்தேன்.
வெள்ளைக்குள் போனது.
வலை குலுங்கித் தண்ணீர் உதிர்கிற சத்தம்.

விசில் ஊதியபடி வந்த நடுவர்
கம்பத்தையே காணவில்லை, கோலை எங்கே காண்பது என்றார்.
ஆட்டம் கைவிடப்பட்டது.
ஏட்டில் ஒன்றுமில்லை.

பஸ்ஸில் சப்பாத்தைக் கழற்றும்போது போன்.
"இன்னைக்கு எத்தன?"
"ஒன்னு. எழுதிக்கல."
"தண்ணிக்குக் கழிச்சிட்டானுங்களா?"
"பனிக்கு."