மூன்றாம் மெட்டு

நூற்றி இருபது பிராங்.
ஆர்பூர்க்கில் ஒரு மாடிவீட்டு வாசலில் நின்று
நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன்.
"மகனுக்கா?" என்றான் விற்றவன்.
"எனக்கு."
ஒரு கணம் என் கைகளைப் பார்த்தான்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பதினொரு வருடம் விரிப்பு மடித்த கைகள்.
நானும் அப்போதுதான் அவற்றைப் பார்த்தேன்.

உறை இல்லை. ஒரு குமிழும் இல்லை.
பழைய போர்வையால் சுற்றிக் கட்டித் தந்தான்.
ஓல்டனுக்கு ஒரே நிறுத்தம்.
அந்த நான்கு நிமிடமும்
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல
பாஸ் கிட்டாரைத் தோளில் சாய்த்தபடி நின்றேன்.
சைக்கிளோடு ஏறிய ஒருவர்
அதற்கு வழி விட்டார்,
எனக்கு அல்ல.

ஏன் இது என்று கேட்பவர்களுக்கு
ஒரு கலியாணத்தைத்தான் சொல்லவேண்டும்.
பாடினவளை எல்லாரும் புகழ்ந்தார்கள்.
நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்
பாயாசக் கோப்பையோடு நின்றிருந்தேன்.
பாயாசத்தில் வளையம் வளையமாக
ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது.
யார் செய்கிறான் இதை என்று மேடையைத் தேடினேன்.
ஓரத்தில், வெளிச்சம் படாத இடத்தில்,
சூயிங்கம் மென்றபடி ஒரு பெடியன்.

ஆம்ப் வாங்க அடுத்த சம்பளம் வரவேண்டும்.
ஆம்ப் இல்லாத பாஸ்
வாய்க்குள்ளேயே கதைக்கிற ஆள்.
மிதுர்ஷா எங்கேயோ பார்த்துவிட்டுச் சொன்னாள்,
"தலையை அலுமாரியிலை முட்டுக் குடுங்கோ அம்மா."
கொடுத்தேன். தடித்த கம்பியைச் சுண்டினேன்.
உள்ளே தொங்கிய கூறைச்சேலை, குளிர் கோட்டுகள்,
விவாகரத்துப் பத்திரம் வைத்த பிஸ்கட் டின்,
எல்லாம் ஒருமிக்க
ம்ம் என்றன.

வேலை முடிந்து வர இரவு பத்தரை.
பத்துக்குப் பிறகு சத்தம் கூடாது, கட்டட விதி.
ஆனால் ஃப்ரிட்ஜ் விதி வாசிப்பதில்லை.
அது உறுமும் நேரம் பார்த்து
அதன் விலாவில் பாஸின் தலையைச் சாய்த்துப் பழகினேன்.
தடித்த கம்பியில் மூன்றாம் மெட்டு
(வீணையின் அந்தத் தடைக்கும் மெட்டு,
பாட்டுக்கும் மெட்டு,
பேர் வைத்தவர்கள் சிக்கனக்காரர்)
அங்கே அழுத்தினால்
ஃப்ரிட்ஜின் சுருதிக்கு மயிரிழை கீழே.
இரண்டும் உரசி
வாவ் வாவ் வாவ் என்று அலைந்தன.
முறுக்காணியைத் திருப்பத் திருப்ப
அலை நீண்டு
நீண்டு
நின்றது.
என் முதல் கச்சேரி.
யார் பக்கவாத்தியம் என்று இன்றுவரை தெரியாது.
அவர் வயிற்றில் கத்தரிக்காய்க் குழம்பு,
என் வயிற்றில் ஒன்றுமில்லை.
சாப்பிட மறந்திருந்தேன்.

மூன்றாம் வாரம் நிர்வாகத்திலிருந்து கடிதம்.
கீழ்வீட்டு ஃப்ராவ் ட்சுர்பூகன் முறைப்பாடு:
மேல்வீட்டுக் குளிர்பெட்டி பழுது.
இரவில் முனகுகிறது.
இடையில் தடுமாறி நிற்கிறது.
பிறகு முதலிலிருந்து தொடங்குகிறது.

என் வாசிப்புக்கு வந்த முதல் விமர்சனம்.
ஒரு சொல்லும் பிழையில்லை.

வந்த ஆள் ஃப்ரிட்ஜின் முதுகில் காது வைத்தான்.
நட்டு இறுக்கினான். ரப்பர் கால் மாற்றினான்.
பாஸ் என் கட்டிலில்,
போர்வைக்குள், மூச்சுக் காட்டாமல்.
"இன்னும் பத்து வருடம் ஓடும்" என்றான்.
கையொப்பம் போட்டேன்;
கொப்புளம் உடைந்த விரலில் பேனா வழுக்கியது.

அடுத்த நாள் எனக்கு ஓய்வு.
புது ரப்பரில் ஃப்ரிட்ஜ் பூனை மாதிரி இருந்தது.
சாய்ந்துகொள்ளச் சுருதி இல்லை.
அலுமாரியில் தலையை முட்டுக் கொடுத்து
மூன்றாம் மெட்டைத் தேடி அழுத்தினேன்.
பிடித்தது. விட்டது. மறுபடி.
கீழே ஒரு கதிரை நகர்ந்தது.

மணிக்கூட்டைப் பார்த்தேன்.
பத்துக்கு இன்னும்
ஏழு நிமிடம் இருந்தது.