ருது ஜாதகம்

ஒரு போஸ்ட் கார்டு போதும்.
வார்டன் நாலு வரி எழுதுவாள்.
மூன்றாம் நாள் மன்னார்குடி விடுதி வாசலில்
யாரோ ஒருத்தியின் தாய்மாமன் வந்து நிற்பான்.
ரஞ்சிதம் அப்படித்தான் போனாள்,
டிவிஎஸ் பிஃப்டியின் பின்னால், தகரப்பெட்டியை அணைத்துக்கொண்டு.
அவளுடைய தட்டு, இருபத்திரண்டாம் நம்பர்,
திங்கட்கிழமை வேறொருத்தி கையில் இருந்தது.

எனக்கு எட்டாம் வகுப்பில், ஐப்பசி அடைமழையில்.
காயாத பாவாடைகள் மாடிப்படியெங்கும் தொங்கிய வாரம்.
ஜெசிந்தா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
தன் பழைய தாவணியை நெடுக்கில் கிழித்தாள்.
அந்தச் சத்தம் வெளியே போகாமலிருக்க
பங்கஜவல்லி உரக்கப் படித்தாள்
மண்புழுவின் உணவு மண்டலத்தை.

அப்புறம் இரண்டரை வருஷம்.
தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துவிடக் கூடாதென்று
ஜன்னல்களின் கீழ்க்கண்ணாடிக்கெல்லாம் நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.
அந்த நீலத்துக்குப் பின்னால்தான் துணி உலர்த்தினோம்.

அம்மா மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வருவாள்,
கோட்டூர் பஸ்ஸில், அவல் பொட்டலத்தோடு.
ஒருமுறை தலை வாரிக்கொண்டிருந்த கை
பாதியில் நின்றது.
பிறகு பின்னல் முன்னைவிட இறுக்கமாக விழுந்தது.
அடுத்த மாதம் அவலுக்கு அடியில்
மடித்த வெள்ளைத் துணிகள்.
அப்பாவின் வேட்டி. கரையை மட்டும் கிழித்து எடுத்திருந்தாள்.

பத்தாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை புதன்கிழமை முடிந்தது.
வியாழக்கிழமை நான் வயதுக்கு வந்தேன்.
"காலைல ஏழு இருபது" என்றாள் அம்மா
தெருவே கேட்க,
கடிகாரத்தைத் திரும்பியும் பார்க்காமல்.

வாழைமரம், மைக்செட், பதினெட்டுத் தாம்பாளம்.
மஞ்சள் தண்ணீர் ஊற்றிய அத்தைகள்
பச்சைப்பிள்ளை, பயந்திருக்கிறது என்றார்கள்.
சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தேன்.
போட்டோவில் அது வெட்கமாக விழுந்திருக்கிறது.

அந்த ஏழு இருபதுக்கு
ஜோசியர் கட்டம் போட்டார். மேஷ லக்னம்.
அப்பா அதை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு
நீடாமங்கலம், வலங்கைமான், பேரளம் வரைக்கும் அலைந்தார்.
ஒன்பது வரன். ஒன்றும் பொருந்தவில்லை.
எட்டில் செவ்வாய் என்கிறார்களாம்.
அந்தக் கட்டத்துக்குள் இருப்பவளை
எனக்குமே தெரியாது.

இதற்குள் நான் பிளஸ் டூ.
அதே விடுதி, அதே முப்பத்தேழாம் நம்பர் தட்டு.

போன வாரம் அப்பா கேட்டாராம்:
"நேரத்த நீ சரியாத்தான பாத்த?"
"அதுல போய் தப்பு வருமா" என்றாளாம் அம்மா,
கெண்டையைச் சாம்பலில் உரசிக்கொண்டே.