ஊமை எழுத்து

மொன்டானாவில் மார்ச்சிலும் பனி நின்றபாடில்லை.
சமையல் மேசையில் மூன்று நிறுவனங்களின் மாதிரிப் பாடங்கள்.
ஒன்றின் அட்டையில் அதற்குள் ஜாம் கறை.

டோர்த்தியாவுக்கு ஏழு வயது.
ஏழு வயதுக்கான பெட்டி அவளுக்கு
ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வரை தாங்கும்.
பதின்மூன்று வயதுக்கானதில்
ஆறாம் வாரம் ஒரு தகப்பன் தூக்கில் தொங்குகிறான்.

கதவுத் தாழ் எட்டிவிட்டது என்பதற்காகப்
பிள்ளையை இருட்டில் அனுப்பிவிட முடியுமா?

பசுக்கள் கன்று ஈனும் பருவம்.
விடிகாலை வந்த ராய்ஸ்
பூட்ஸைக் கழற்றாமலே கேட்டான்:
"எது மலிவு?"
பிறகு, "அவளையே கேளேன்."

கேட்கப் போனேன். ஆசிரியர் கையேட்டின்
விடைப் பக்கங்களில் மூழ்கியிருந்தாள்.
கேள்விகளைவிட அவை நன்றாக இருக்கின்றனவாம்.
உரக்க வாசித்தும் காட்டினாள்,
முன்பல் விழுந்த சந்தில் காற்று சீற.
கல்லறைக்கான ஆங்கிலச் சொல் வந்தது.
அதன் கடைசி எழுத்து ஊமை.
அவள் உதடுகளை மூடித் திறந்து
அதையும் ஒலித்தாள்.

சிரிப்பு வந்து பாதியில் நின்றது.
இந்த வீட்டில் யாரும் அவளிடம்
அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.
ஏதோ ஒரு பக்கத்தில், ஏதோ ஓர் இரவில்
தனியாகவே அதைச் சந்தித்திருக்கிறாள்.

பெரிய பெட்டிக்கே பணம் கட்டினேன்.
'மாணவர் நிலை' என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.
வார அட்டவணையில் மட்டும்
ஆறாம் வாரத்துக்கு நேரே, பென்சிலால்:
சத்தமாக. சோபாவில்.
ராய்ஸ் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து.