எழுதிக்கொடுத்தவர்

பொறையாறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
தார்ப்பாய்க்குக் கீழே என் மேசை.
மாசிலாமணியும் தம்பியும் மறுபடி வந்தார்கள்,
தையில் எழுதிய கூர்சீட்டை
வைகாசியில் கிழித்துவிட்டு.

"அதே வாசகந்தான், வேதமுத்து சார்."

நான்கெல்லை எழுதினேன்.
வடக்கே வாய்க்கால், கிழக்கே சுடுகாட்டுப் பாதை.
மேட்டூர் இன்னும் திறக்கவில்லை;
எல்லையாக இருப்பதற்கு
வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டியதில்லை.

சீனாயில் முதல் பத்திரம்
மலையடிவாரத்திலேயே உடைந்தது.
இரண்டாவதற்குக்
கல்லை மட்டும் நீ செதுக்கி வா என்றார்.
எழுத்து அவருடையது.
வாங்குகிறவர்கள் மீறுவார்கள் என்று
தெரிந்தே எழுதிக்கொடுத்திருக்கிறார்.
சாட்சிக்கு வானத்தையும் பூமியையும் கூப்பிட்டிருக்கிறார்,
சாட்சிகள் செத்துப்போகக் கூடாதென்று.

முப்பது வருஷத்தில்
அப்படி ஒரு பத்திரம் நான் எழுதியதில்லை.

உடைந்த துண்டுகளை யார் பொறுக்கினார்கள்?
வேதத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை.

மாசிலாமணி பெருவிரலை நீட்டினார்.
மைப்பெட்டி காய்ந்திருந்தது.
தம்பியின் விரலைப் பிடித்து
அதிலிருந்து கொஞ்சம் ஒற்றிக்கொண்டார்.

கிழிந்த பழைய சீட்டு
என் இழுப்பறையில்தான் கிடக்கிறது,
நான்கு துண்டாக.
இருவரும் கேட்கவில்லை.