திசை: ஒன்று மட்டும்

படிவத்தில் ஆறாவது கட்டம்
'நீரோட்டத்தின் திசை' என்கிறது.
பக்கத்திலேயே, பொடி எழுத்தில்:
ஒன்றை மட்டும் குறிக்கவும்.

காலை ஐந்தே முக்காலுக்கு
எட்டியப்பனின் படகில்
எண்ணூர்ப் பாலத்தடியில் இருந்தேன்.
தண்ணீர் மேற்கே போய்க்கொண்டிருந்தது,
கடலிலிருந்து ஊருக்குள்,
ஓர் ஆறு செய்யக்கூடாத வேலையைக்
கூச்சமில்லாமல் செய்தபடி.
நேற்று வெளியே போன ஆகாயத்தாமரை,
நீலப் பட்டை வைத்த ஒற்றைச் செருப்பு,
யார் கழுத்திலோ கிடந்த மாலையின் நார்
எல்லாம் கூடவே உள்ளே போயின.
"ஏத்தம்" என்றார் எட்டியப்பன்.
"பத்து மணிக்கு மேல வத்தம்.
அப்ப வந்திருந்தீங்கன்னா
வேற ஆத்த எழுதிக்கினு போயிருப்பீங்க."

நான் தண்டையார்பேட்டைக்காரி.
எங்கள் தண்ணீர் லாரியில் வரும்.
அதற்குத் திசை ஒன்றுதான்.

வரைபடத்தில் எல்லாமே சுலபம்.
கொசஸ்தலை மேற்கிலிருந்து வருகிறது, நீலக் கோடு.
பக்கிங்ஹாம் கால்வாய் அதைவிட நேரான கோடு,
தெற்கிலிருந்து வந்து
ஆற்றைக் குறுக்கே வெட்டிவிட்டு
மன்னிப்புக்கூடக் கேட்காமல்
பழவேற்காட்டுக்குப் போகிறது.
கிழக்கே, தாள் முடியும்வரை கடல்.
நடுவில் இருப்பதற்குத்தான் நிறம் கிடைக்கவில்லை.
நிலம் என்றால் கால் புதைகிறது,
நீர் என்றால் படகு தட்டுகிறது.
அலையாத்தி நிற்கிற சேறு,
உப்புப் பாத்தியாய் இருந்த தரவை,
அமாவாசைக்கு மட்டும் நனைகிற மேடு.
அச்சடித்தவர்கள் அங்கே
வெள்ளையாக விட்டுவிட்டார்கள்.
வெள்ளை என்றால் காலி என்று
பின்னால் வந்தவர்கள் படித்துக்கொண்டார்கள்.

கழியைக் கழியால் அளக்கிறேன்.
இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டுத்
தமிழ் ஒதுங்கிக்கொண்டது.
பழைய தாளில் பதினோரு அடி இருந்த இடத்தில்
இப்போது முழங்கால்.
அழுத்தினால் இன்னும் மூன்றடி இறங்குகிறது.
வண்டல் இல்லை, சாம்பல்.
அனல்மின் நிலையத்துக் குழாய் எங்கோ கசிந்து
வருஷக்கணக்காய் வந்து உட்கார்ந்தது.
விரலில் தேய்த்தால் திருநீறு மாதிரி மெத்து.
எட்டியப்பன் நெற்றிவரை கொண்டுபோய்,
நிறுத்தி,
கையைக் கழுவினார்.
மார்கழி மாதம். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

"இன்னிக்கு எங்க ஊர் பாடு இல்ல,
அதான் உங்களோட சுத்துறேன்."
பாடு என்றால் முறை.
இந்த இடத்தில் இன்று யார் வலை என்பது.
அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு.
அதற்கு முறையெல்லாம் கிடையாது.

வளைவில் கெங்கம்மா
அடிச் சேற்றில் உட்கார்ந்தபடியே நகர்ந்துவந்தார்.
பனையோலைப் பறி பல்லில்,
இரண்டு கையும் சேற்றுக்குள், இறாலைத் தடவியபடி.
ஆழம் எவ்வளவு என்று கத்தினேன்.
வாயைத் திறந்தால் பறி போகும்.
கையை எடுத்தால் இறால் போகும்.
முகவாயை மட்டும் சற்று உயர்த்திக் காட்டினார்.
நீர் அதற்குக் கீழே ஒரு விரற்கடை.
எழுதினேன்: 'உட்கார்ந்த பெண், தாடைவரை.'
அலுவலகம் இதை ஏற்காது.
அடித்துவிட்டு 0.7 என்று போட்டேன்.

முகத்துவாரத்தில் மணல்
பாதி வாயை அடைத்திருந்தது.
வாய் கிழக்கே பார்க்கிறது என்று குறித்ததும்
"போன மாசம் வடகிழக்கு" என்றார் எட்டியப்பன்.

பத்துக்குச் சற்று முன்னால் தண்ணீர் நின்றது.
அப்படி ஒரு நேரம் இருப்பதை
படிவம் போட்டவர் பார்த்ததில்லை.
ஆகாயத்தாமரை எங்கும் போகாமல்
தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொண்டது.
தூரத்தில் ஒரு மடவை துள்ளி விழுந்தது.
அந்த வளையம்கூட அவசரமில்லாமல் விரிந்தது.

ஆறாம் கட்டத்தைக் காலியாக விடலாமா
என்று யோசித்தேன்.
வெள்ளையாக விட்டால் என்ன ஆகும் என்பது
காலையிலிருந்து சுற்றியதில் தெரிந்திருந்தது.

இரண்டு அம்பு போட்டேன்.
கட்டம் சின்னது, படகு ஆட்டம் வேறு.
ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
தப்பு என்று அடித்ததுபோல் வந்துவிட்டது.

திருத்த ரப்பரைத் தேடும்போது
நீலப் பட்டைச் செருப்பு
பாலத்தடியிலிருந்து
திரும்பி வந்துகொண்டிருந்தது.