டக்அவுட்

அடிலெய்டிலிருந்து எண்ணூற்றைம்பது கிலோமீட்டர்
காரோட்டி வந்திருந்தேன், காப்பீட்டுப் படிவத்தோடு.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
கூபர் பெடியில் வீடு கண்டுபிடிக்கக்
கூரையைத் தேடாதே,
மண்ணில் முளைத்த குழாயைத் தேடு
என்று பெட்ரோல் பங்கில் சொல்லியிருந்தார்கள்.
மூன்று குழாய். ஓர் ஆன்டெனா.
குன்றின் விலாவில் ஒரு கதவு.

லெஃப்தெரிஸ் திறந்தான். புருவத்திலும்
இளஞ்சிவப்புத் தூசி.
உள்ளே இருந்த காற்று
அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போலிருந்தது.

கட்டட வகை, என்று வாசித்தேன்.
பேஸ்மென்ட்?
"அதற்கு மேலே ஏதாவது நிற்க வேண்டுமே.
எங்கள் மேல் நிற்பது நாய் ஒன்றுதான்,
அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு."

செல்லார்?
"அது உருளைக்கிழங்குக்கு, ஒயினுக்கு,
காத்திருக்கிற பொருள்களுக்கு.
நாங்கள் எதற்கும் காத்திருக்கவில்லை" என்றவன்
கொஞ்சம் யோசித்து,
"ஓப்பலைத் தவிர" என்றான்.

வால்ட் என்பதை நானே அடித்துவிட்டேன்.
பணமோ பிணமோ இருக்க வேண்டும் அதற்கு.
இங்கே தொட்டிலில் ஒன்று
பல் முளைக்கிற எரிச்சலில் கத்திக்கொண்டிருந்தது.

"டக்அவுட் என்று எழுதுங்கள்."
படிவத்தில் அந்தச் சொல் இல்லை.

இல்லாத சொல்லைத்தான் ராத்திரி முழுக்க
விடுதிப் படுக்கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்
(விடுதியும் பூமிக்குள்ளேதான்,
விளக்கை அணைத்தால்
கண்ணை மூடியிருக்கிறோமா என்று
தொட்டுப் பார்க்க வேண்டிய இருட்டு).
தோண்டி எடுத்தது. அவ்வளவுதான் அதற்குப் பொருள்.
மரத்தைத் தோண்டினால் ஓடம்.
போர்முனையில் தோண்டினால்
குண்டு ஓயும்வரை குந்தியிருக்கும் குழி.
மைதானத்து ஓரத்தில்
மட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு
முறைக்குக் காத்திருக்கும் பெஞ்சு.
தமிழில் எழுதினால் இன்னும் விசேஷம்:
பூஜ்ஜியத்தில் ஆட்டமிழந்து போவதும்
போய் உட்காருகிற இடமும்
ஒரே எழுத்து, டக் அவுட்.

ஆனால் அது ராத்திரி யோசனை.
பகலில் நான் கேட்டது: கட்டிய ஆண்டு?
"கட்டவே இல்லையே."
சரி, முடித்த ஆண்டு?
அவன் மனைவி ஃபோத்தினி சிரித்துவிட்டாள்.
அலமாரி வேண்டுமென்றால் சுவரைச் சுரண்டுவார்கள்.
குழந்தை வந்தால் ஓர் அறை வெட்டுவார்கள்.
கழிக்கக் கழிக்கப் பெருகும் கணக்கு அந்த வீடு.
சதுர மீட்டர் எத்தனை என்று
போன மாதம் கேட்டிருந்தால் வேறு விடை.

அந்தக் குழந்தை அறையில்தான் அது இருந்தது.
சுவர் நடுவே,
ஒரு காப்பிக் கோப்பை நுழையும் அளவுக்கு
ஓட்டை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள்;
அறை வெட்ட
அடுத்த வீட்டு ஸ்லாவ்கா கிளம்பியிருக்கிறாள்.
கடப்பாறை முனை அவள் சமையலறைக்குள்,
மாவு டப்பாவுக்கு இரண்டு விரல்கடை தள்ளி.
அவள் கத்தினாளாம் செர்பிய மொழியில்,
இவன் மன்னிப்புக் கேட்டானாம் கிரேக்கத்தில்.
பிறகு அரை மணி நேரம் இரண்டு பக்கமும் அமைதி.
பிறகு ஓட்டையின் விளிம்பில்
ஆவி பறக்க ஒரு கோப்பை வந்து நின்றதாம்,
அடியில் காப்பி மண்டி.

"அடைக்கவில்லையா?"
"சிமென்ட் வாங்கி வைத்திருக்கிறேன்"
என்று மூட்டையைக் காட்டினான்.
பிரிக்காத மூட்டை. அதன் மேல்
குழந்தையின் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன.

எலி வளையானாலும் தனி வளை
என்பது சரிதான். ஆனால் நான் பார்க்கும்போதே
அந்த வழியாகச் சுருட்டிய சீட்டு ஒன்று விழுந்தது:
உப்பு இருக்கிறதா என்று.

தீ விபத்து அபாயம்: பாறை எரியாது.
புயல்: மேலே போய்விடும்.
தளங்களின் எண்ணிக்கையில்
ஒன்று போடுவதா, பூஜ்ஜியமா,
கழித்தல் குறி போடலாமா என்று தெரியாமல்
கோடிட்டேன்.

ஜன்னல்கள்?
இல்லை, என்று அவன் தலையசைப்பதற்குள்
எழுதிவிட்டேன்,
ஒன்று.
அடிலெய்டில் கேட்பார்கள்,
எந்தத் திசை பார்த்தது என்று.