காலியிடம்: ஒன்று

விளம்பரத்தை நீயே எழுது என்றார் ஹெப்சிபா மேடம்.
தகுதி, உதவித்தொகை, கடைசித் தேதி.
அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது.

எழுதினேன்:
அதிவேக லேசர் துடிப்புகளால்
மூலக்கூறுகளைக் கட்டுப்படுத்தும் முனைவர் பட்ட ஆய்வு.
இயற்பியல் அல்லது வேதியியலில் முதுகலை.
கடைசித் தேதியன்று இருபத்தெட்டு முடிந்திருக்கக் கூடாது.

எழுதாதது:
ஐப்பசி பிறந்தால் தரமணியில்
கண்ணாடிகளுக்கு வியர்க்கும்.
ஈரமுறிஞ்சியின் வாளியை நாலு மணிக்கொரு தரம்
யாராவது கொட்ட வேண்டும்.
அந்த யாராவது நீதான்.
பறக்கும் ரயில் போகும்போதெல்லாம்
காற்றில் மிதக்கும் ஒரு டன் மேசைக்கும்
லேசாய் ஒரு நடுக்கம்.
ஆகவே கடைசி வண்டி வேளச்சேரி சேர்ந்த பிறகுதான்
நம்பக்கூடிய அளவீடு.

துடிப்பு ஒன்று முப்பத்தைந்து ஃபெம்டோ வினாடி.
அதற்குள் ஒளியே
ஒரு தலைமுடியின் தடிமனைக் கடந்திருக்காது.
அந்த இடுக்கில் உட்கார்ந்து செய்கிற வேலை.

மூலக்கூறு பெரிதாய் ஒன்றுமில்லை.
நடுவில் கார்பன்,
ஒரு கையில் குளோரின், இன்னொரு கையில் புரோமின்.
சூடாக்கினால் புரோமின்தான் முதலில் கழன்றுகொள்ளும்.
பிடி தளர்ந்த பக்கம் அறுவது உலக வழக்கம்.
நாங்கள் கேட்பது வேறு:
இறுகிய கை விட வேண்டும்,
தளர்ந்த கை நிற்க வேண்டும்.
அதற்காக ஒளியை அறுநூற்று நாற்பது கட்டமாய்ப் பிரித்து
ஒவ்வொன்றையும் கொஞ்சம் தாமதித்து
மறுபடி சேர்த்து அனுப்புகிறோம்.
பெரும்பாலும் மூலக்கூறு எங்களைச் சட்டை செய்வதில்லை.

போன மார்ச்சில் ஒரு ராத்திரி,
ஒரே ராத்திரி,
திரையில் குளோரின் கோடு நிமிர்ந்தது.
நூருல்லா போட்ட கத்தலில் காவலாளி ஓடி வந்தார்.
மறுநாள் மின்வெட்டு.
ஜெனரேட்டர் விழித்துக்கொள்ள எட்டு வினாடி.
அந்த எட்டு வினாடியில் போனது
இன்னும் முழுசாய்த் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு தொலைபேசி.
பின்னால் கன்வேயர் சத்தம்.
ஒரகடத்தில் இரவு ஷிஃப்ட்,
பேர் இசக்கியம்மாள், ஊர் நாங்குநேரி.
"யக்கா, லேசர நான் பாத்ததே இல்ல,
பேட்டரி மேல நம்பர் பொறிக்கிற ஒன்னத் தவிர.
அது தொட்ட எடத்துல உலோகம் உருகுதா,
இல்ல ஆவியாப் போவுதா?
சூப்பர்வைசர்ட்ட கேட்டா சிரிக்காரு."
துடிப்பின் நீளத்தைப் பொறுத்தது என்றேன்.
நாலு பேட்டரி நகரும் நேரம் பேச்சில்லை.
"அப்ப ரொம்பச் சின்னதா அடிச்சா
சூடு பரவுறதுக்குள்ள சோலி முடிஞ்சிரும்."
நான் இதைப் புரிந்துகொள்ள
ஒரு செமஸ்டர் ஆனது.

பிறந்த தேதி கேட்டேன்.
கடைசித் தேதியன்று அவளுக்கு
இருபத்தெட்டு வருஷமும் பதினொரு நாளும்.

பதினொரு நாள் எத்தனை ஃபெம்டோ என்று
விளம்பரத் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு
பூஜ்யங்கள் ஓரத்தை இடித்ததும் விட்டுவிட்டேன்.

"வயசு விதி என் கையில் இல்லை" என்றார் மேடம்.
பிறகு பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"தேதி யார் வைத்தது?"
நீங்கள்தான்.
"பன்னிரண்டு நாள் முன்னால் வை."

இது எங்களுக்குத் தெரிந்த வித்தைதான்.
பாதையில் ஒரு கண்ணாடியை மயிரிழை தள்ளினால்
துடிப்பு முன்னதாக வந்து சேரும்.
நுண்ணளவுத் திருகு, விரலில் கொஞ்சம் பொறுமை.

ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளில்
விண்ணப்பம் போட நினைத்திருந்த யாரோ ஒருத்தர்
ஆரணியிலோ அரியலூரிலோ
சான்றிதழ் நகலுக்கு அலைந்துகொண்டிருக்கலாம்.
அவர் எந்தத் திரையிலும் கோடாய் எழ மாட்டார்.

நேர்முகம் வெள்ளிக்கிழமை.
நாற்காலி போட்டுத் தண்ணீர் வைப்பதோடு என் வேலை சரி,
அவளுக்காக எதுவும் பேசப் போவதில்லை.
உருகலும் ஆவியும் பற்றி
அவளே கேட்கட்டும்.

வேளச்சேரி வண்டி போகிறது.
மேசை நடுங்கி நிற்கும்வரை காத்திருக்கிறேன்.
வாளி நிறைந்துவிட்டது.